இரு கட்சிப் போட்டியில் ஒரு வாக்கு: மொடக்குறிச்சி நினைவுகள்

தமிழ்நாட்டில் 1967இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. 1972இல் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்ட எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இவ்விரு கட்சிகளில் ஒன்றே ஆட்சி அமைத்தது. மற்றக் கட்சிகள் இவற்றோடு கூட்டுச் சேர்ந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தன. இல்லையேல் வெளியே நின்றன. இரண்டின் மீதும் நம்பிக்கை இழந்த வாக்காளர் என்ன செய்வது என்ற கேள்வி இந்த அரை நூற்றாண்டில் வீடுகள்தோறும் எழுந்தது. அந்தக் கேள்வியை ஈரோட்டை ஒட்டிய மொடக்குறிச்சித் தொகுதியின் விவசாயக் குடும்பம் ஒன்று எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை பதிவு செய்கிறது. கட்டுரையாளர் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்ட 1989இல் பதினெட்டை எட்டியவர்.

போட்டி இருவருக்குள் சுருங்குவதற்கு முதற்காரணம் தேர்தல் முறையே. ஒரு தொகுதியில் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். தோற்றவருக்கு விழுந்த வாக்குகளுக்குச் சட்டமன்றத்தில் இடமில்லை. இம்முறை நிலவும் நாடுகளில் போட்டி இரண்டு கட்சிகளுக்குள் ஒடுங்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1951இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூன்றாவது கட்சியை விரும்பும் வாக்காளர்கூட, தம் வாக்கு வீணாகிவிடும் என்று அஞ்சி, முதல் இருவரில் வெறுப்புக் குறைந்தவரைத் தேர்ந்தெடுக்கிறார். தமிழ்நாட்டில் இதன் விளைவு பெரிய ஏற்ற இறக்கங்களாக வெளிப்பட்டது. 1991இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்ற தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 2 இடங்கள். 1996இல் ஏறத்தாழ அதே அளவு வாக்குப் பெற்ற அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். மொத்த இடங்கள் 234. லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று அளித்த வாக்கு, அடுத்த ஐந்தாண்டுக்குக் குரலற்றுப் போனது. விரக்தியின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

மொடக்குறிச்சி வட்டாரத்தில் அக்காலத்தில் கட்சி என்பது குடும்பச் சொத்துப் போலத் தலைமுறை மாறி வந்தது. கட்டுரையாளரின் தாத்தா காமராசர் காலத்துக் காங்கிரஸ்காரர். தந்தை இளமையிலேயே உதயசூரியன் பக்கம் போனவர். தாய்மாமன் எம்.ஜி.ஆருக்காகக் கையில் இரட்டை இலையைப் பச்சை குத்திக்கொண்டவர். தேர்தல் வந்தால் வீட்டின் வெளிச்சுவரை எந்தக் கட்சிக்கு எழுதக் கொடுப்பது என்பதில் பேச்சு முற்றும். பந்தியில் மீண்டும் ஒன்றாக உட்காருவார்கள். எந்தப் பக்கமானாலும் தம் வாக்கால் ஏதோ ஒன்று நடக்கும் என்ற நம்பிக்கை மூவருக்கும் பொதுவாக இருந்தது. கட்டுரையாளர் முதன்முதலாக வாக்களித்த 1991 தேர்தல், ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட அதிர்ச்சி அடங்குமுன் ஜூனில் நடந்தது. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட்ட இளைஞர்களுக்கு அது வயதுக்கு வந்ததற்கான அடையாளமாகவே பட்டது.

நம்பிக்கை ஒரே நாளில் உடையவில்லை. மொடக்குறிச்சி, கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதி. பவானிசாகர் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் கடைமடை காயும். மஞ்சளுக்கும் கரும்புக்கும் விலை ஏறி இறங்கும். வேட்பாளர்கள் வந்து வாக்குறுதி அளிப்பார்கள். வென்றபின் சென்னையோடு தங்கிவிடுவார்கள். ஆட்சி மாறும்; விவசாயிகளின் மனுக்கள் மாறாமல் இருக்கும். “ஆரு வந்தா என்னங்க, வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தான் நமக்குச் சோறு” என்பது தேநீர்க் கடைகளில் அன்றாடப் பேச்சாயிற்று.

அந்த மனக்குறை 1996இல் நாடே திரும்பிப் பார்க்கும் வடிவம் எடுத்தது. தங்கள் கோரிக்கைகளை எந்தக் கட்சியும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்ட, விவசாயிகள் கூட்டம் கூட்டமாகச் சென்று மொடக்குறிச்சியில் வேட்புமனுத் தாக்கல் செய்தனர். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். அவ்வளவு பெயர்களையும் ஒரு தாளில் அடக்க முடியாமல் வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சிடப்பட்டது. ஏற்பாடுகளுக்காக வாக்குப்பதிவே தள்ளிவைக்கப்பட்டது. அன்று சட்டமன்ற வேட்பாளருக்கான வைப்புத்தொகை 250 ரூபாய். ஒரு மூட்டை மஞ்சள் விற்ற காசில் வேட்பாளராகலாம் என்ற துணிவு ஊரில் பரவியது. கட்டுரையாளரின் உறவினர் ஒருவரும் மனுக் கொடுத்தார். வாக்குச்சாவடியில் முதியவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தாங்கள் தேடும் சின்னத்தைக் கண்டுபிடித்தனர்.

முடிவு வந்தபோது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றிருந்தார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அவர்கள் தங்களுக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை. கோபத்தைக் காட்ட மனுத் தாக்கல் செய்த விவசாயிகளும் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோது பழைய இரு முனைப் போட்டிக்கே திரும்பினர் என்பதை இந்த எண் சொல்கிறது. அதே ஆண்டு நல்கொண்டா, பெல்காம் மக்களவைத் தொகுதிகளிலும் நூற்றுக்கணக்கானோர் இதேபோல் களமிறங்கினர். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 5,000 ரூபாயாகவும் மக்களவைக்கு 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. விவசாயிகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடப்படவில்லை. அவர்கள் நுழைந்த வாசல் குறுகியது.

அடுத்த கட்டம் ஒதுங்கல். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. ஆனால் வாக்களித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் கீழே. கட்டுரையாளரின் தந்தை அந்த ஆண்டு சாவடிக்குப் போகவில்லை. சாவடிக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த இரு கட்சிக்காரர்களும் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே குறியில்லாததைக் கண்டு மாலைவரை ஆள் அனுப்பினர். “போனா யாராச்சும் ஒருத்தனுக்குப் போடோணும், அதுக்கு மனசு வரலைங்க” என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் எவரும் அது குறித்துக் கேட்கவில்லை. போகாதவரின் காரணத்தை அரசு எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. நோயால் படுத்தவர், வெளியூரில் வேலை பார்ப்பவர், சோம்பலால் தூங்கியவர், கொள்கையால் மறுத்தவர் எல்லோரும் ஒரே கணக்கில் சேர்கிறார்கள். மௌனத்தை அவரவர் தமக்குச் சாதகமாகப் பொருள் கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, வராதவரின் பெயரில் வேறொருவர் கள்ள ஓட்டுப் போடும் வாய்ப்பும் அங்கே திறந்து கிடக்கிறது.

சிலர் மூன்றாவது வழியைத் தேடினர். 2005இல் விஜயகாந்த் தொடங்கிய தே.மு.தி.க. 2006இல் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்று 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றது. கிடைத்த இடம் ஒன்று, விருத்தாசலம். கட்டுரையாளரின் சித்தப்பா மகன் போன்ற பல இளைஞர்கள் அன்று அக்கட்சிக்கு வாக்களித்தனர். 2011இல் அக்கட்சி அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்து 29 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியானது. இரண்டையும் எதிர்த்து வந்தவர்கள் இரண்டில் ஒன்றோடு சேர்ந்ததும் அந்த இளைஞர்களின் வேகம் வற்றியது. 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்றபோது ஓரிடமும் கிடைக்கவில்லை. தனித்து நின்றால் இடமில்லை, கூட்டணி வைத்தால் தனித்தன்மையில்லை என்னும் இந்த இக்கட்டு அதன்பின் வந்த பல கட்சிகளுக்கும் வாய்த்தது.

விரக்தியை ஆழமாக்கிய மற்றொன்று பணம். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின், வாக்காளருக்குப் பணம் கொடுத்து வெல்வதைக் குறிக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற தொடர் அரசியல் பேச்சில் நிலைத்தது. 2016இல் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தலைத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. 2017 ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்தால் ரத்தாயின. இவற்றுள் அரவக்குறிச்சி மொடக்குறிச்சி வட்டாரத்துக்கு அண்டைத் தொகுதி. அங்கே உறவு வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு வீடு உறை வந்த கதையைத் திருமண வீடுகளில் வெளிப்படையாகவே பேசினர். “காசை வாங்கிக்கலாமுங்க, மனசுக்குப் புடிச்சவங்களுக்குப் போட்டாப் போச்சு” என்பது பலர் கண்ட சமாதானம். இந்தச் சமாதானம் தவறு. காசு வாங்கியவர் அடுத்த ஐந்தாண்டுகளில் வாய்க்கால் தண்ணீருக்காக அதிகாரம் உள்ளவர் முன் நிமிர்ந்து நின்று கேட்க முடிவதில்லை. கேட்டாலும், கணக்கு அன்றே தீர்ந்தது என்பதே மறுபக்கத்தின் எண்ணமாக இருக்கிறது.

சாவடிக்குப் போய், எவருக்கும் வாக்கில்லை என்று பதிவு செய்ய ஒரு வழி சட்டத்தில் முன்பே இருந்தது. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்னும் விதியின்படி, பதிவேட்டில் கையெழுத்திட்ட வாக்காளர் வாக்களிக்க விரும்பாவிட்டால் அதைத் தலைமை வாக்குச்சாவடி அலுவலர் குறித்து, அருகில் வாக்காளரின் கையெழுத்தைப் பெற வேண்டும். கட்டுரையாளர் 2009 மக்களவைத் தேர்தலில் இவ்விதியைப் பயன்படுத்தினார். அலுவலர் கையேட்டைப் புரட்டி விதியைத் தேடிப் படித்தார். பின்னால் வரிசை நின்றது. கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் எழுந்து நின்று பார்த்தனர். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே செய்தி தெரிந்தது. இரு கட்சியிலும் இருந்த உறவினர்கள் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விருப்பமான கட்சிக்கு வாக்களிப்பவருக்கு உள்ள ரகசியம், எவரையும் விரும்பாதவருக்கு இல்லாமல் போனது அநீதி.

இந்த அநீதியை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004இல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பு அளித்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், ஈரோடு மாவட்டம் பவானியை அடுத்த காடப்பநல்லூர்க்காரர். வாக்களிக்காமல் இருப்பதும் கருத்து வெளிப்பாடே, அதற்கும் ரகசியம் வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக, எவருக்கும் வாக்கில்லை என்னும் ‘நோட்டா’ சேர்ந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்தது 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலில். இரு பெரிய கட்சிகளுமே முதன்மையாக மோதிய அத்தேர்தலில் நோட்டாவுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் 46,000ஐத் தாண்டியது. 2016 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினர். 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தபோது, தி.மு.க.வுக்கும் நாம் தமிழர் கட்சிக்கும் அடுத்து மூன்றாமிடத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு நோட்டா நின்றது.

நோட்டாவின் எல்லையும் தெளிவானது. அது எத்தனை வாக்குப் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர். வைப்புத்தொகைக் கணக்கிலும் அந்த வாக்குகள் சேராது. மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என்று விதி செய்தன. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அந்த ஏற்பாடு வரவில்லை. ஆகவே நோட்டா முடிவை மாற்றுவதில்லை. ஆனால் மௌனத்தைப் போலன்றி, எண்ணப்பட்டு ஏட்டில் ஏறுகிறது. வீட்டில் தங்கியவரைவிட அதை அழுத்தியவர் ஒரு படி கூடுதலாகப் பேசியிருக்கிறார்.

ஊர் முழுவதும் முன்கூட்டி அறிவித்துவிட்டு வாக்களிக்க மறுப்பது வேறு வகை. 2024 மக்களவைத் தேர்தலில் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் பெரும்பாலும் வாக்களிக்காமல் விலகி நின்றனர். அவர்களது கோரிக்கை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தனிமனிதரின் சோர்வோடு ஒன்றாக எண்ணக் கூடாது.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ‘இரண்டும் ஒன்றுதான்’ என்ற கூற்று. அது பாதி உண்மை. 2003இல் அ.தி.மு.க. ஆட்சி டாஸ்மாக் வழியே மதுச் சில்லறை விற்பனையை அரசின் கைக்குக் கொண்டுவந்தது, பின்வந்த தி.மு.க. ஆட்சி அதைத் தொடர்ந்தது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டத்துக்கு 2020இல் ஒரு கட்சியின் ஆட்சி ஆணையிட்டது. 2021இல் வந்த மறு கட்சியின் ஆட்சியும் அதைக் கைவிடவில்லை. விவசாயிகள் ஆதரவும் எதிர்ப்புமாகப் பிரிந்து நின்றனர். திட்டத்தை எதிர்த்த விவசாயிக்கு இரு சின்னங்களிலும் தன் கருத்து இல்லை.

மறுபாதி உண்மையும் உண்டு. காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாகப் பெருக்கினார். 1989இல் வந்த தி.மு.க. ஆட்சி அதில் முட்டை சேர்த்தது. 2022இல் மு.க. ஸ்டாலின் அரசு காலை உணவைத் தொடங்கியது. 1989இல் தி.மு.க. ஆட்சி பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது, 1992இல் அ.தி.மு.க. ஆட்சி அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கியது. ஒன்று கொடுத்ததை மற்றது பறிக்கத் துணியவில்லை. கூட்டிக் கொடுக்க முயன்றது. அடுத்த தேர்தலில் பக்கம் மாறக்கூடிய வாக்காளர்கள் இருந்ததே இதற்குப் பெருங்காரணம். தந்தை, மாமன் போன்று பக்கம் மாறாதவர்கள் கட்சிகளுக்கு உறுதியளித்தனர். கட்டுரையாளரின் தாய் போல், யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்து வாக்களித்தவர்களே கட்சிகளுக்கு அச்சத்தை அளித்தனர். மக்களுக்கு நன்மை தந்தது அந்த அச்சம்.

ஒரு வாக்கால் எதுவும் மாறாது என்பதற்கும் தொகுதிகளின் கணக்கே மறுப்பு. 2016இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அம்முடிவு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. அதே 2021இல் மொடக்குறிச்சியில் அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனை வென்றது 281 வாக்கு வித்தியாசத்தில். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேட்பாளராக நின்று கோபத்தைக் காட்டிய அதே தொகுதியில், கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு சிற்றூரின் சில தெருக்கள் முடிவை எழுதின.

ஆகவே போவதா வேண்டாமா என்று தயங்கும் வாக்காளருக்கு இந்த அனுபவங்கள் சொல்வது இது. கட்சியை நேசித்தால்தான் வாக்களிக்க வேண்டும் என்பதில்லை. கடந்த ஐந்தாண்டுக்குக் கணக்குத் தீர்க்கவும் வாக்கு உரியது. 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் அறிவித்தாக வேண்டும், அதைப் படியுங்கள். உங்கள் ஊரின் ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, அதில் யார் என்ன செய்தார் என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று மற்றதைவிடச் சிறிதேனும் மேல் என்றால் அதற்கு வாக்களியுங்கள். மூன்றாமவர் தகுதியானவர் என்றால் வீணாகும் என்று அஞ்சாமல் அவருக்கே போடுங்கள். எவரும் தேறாவிட்டால் கடைசிப் பொத்தானை அழுத்துங்கள். உறையை வாங்காதீர்கள். வாக்குப்பதிவு நாளில் வீட்டில் தங்காதீர்கள். வராதவரின் கோபத்தை எண்ணுவதற்கு இந்நாட்டில் எந்த இயந்திரமும் இல்லை.